கெட்டி ஆயிலும் ஒரு பரவாயில்லையும்

கார்த்தி,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். வீட்டில் பசை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. இதில் ஒரு நகல் முதுநகரில் உன் மாமாவுக்கும், இன்னொரு நகல் சிதம்பரத்தில் பவித்ரா வீட்டுக்கும் போகிறது. மூடி வைக்க இதில் ஒன்றும் இல்லை. போனில் சொல்லலாம் என்றுதான் மூன்று நாளாகப் பார்த்தேன். நீ "ம்" என்கிறாய், "சரிம்மா" என்கிறாய், "மீட்டிங் இருக்கு, அப்பறம் பேசறேன்" என்கிறாய். காகிதம் மீட்டிங்குக்குப் போகாது, நீ ஆபீஸ் முடிந்து உன் அறைக்கு வரும்வரை மேஜையிலேயே கிடக்கும். இன்னும் பதினெட்டு நாளில் உனக்குக் கல்யாணம். உன் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் அதற்குள் தீர வேண்டும். தீராமல் முன்வரிசையில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க என்னால் ஆகாது.

காரில் இருந்தே தொடங்குகிறேன். போன வருஷம் அந்தக் காரை வாங்குவதற்கு முன்னால் நீ பட்ட பாடு எனக்கு நினைவிருக்கிறது. சிவப்பா, சாம்பலா என்று மூன்று மாதம் யோசித்தாய். டயரின் அகலம் என்ன, எத்தனை நொடியில் நூறைத் தொடும் என்றெல்லாம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து எனக்கு வகுப்பெடுத்தாய். டர்போ வைத்த இன்ஜின், பறக்கும் என்றாய். பறக்கட்டும், சந்தோஷம். அப்புறம் ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் புனேவுக்குப் போனாய், காரைக் கடலூரில் என்னிடம் விட்டுவிட்டு. போன பிறகு ஒரு நாள் போன் செய்தாய். புது இன்ஜினுக்கு முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றினால் நல்லது என்று உன் நண்பன் யாரோ சொன்னானாம். "என்ன ஆயில்டா?" என்று கேட்டேன். "ஏதாவது நல்ல ஆயிலா பாத்து மாமாவ ஊத்தச் சொல்லும்மா" என்றாய். கலருக்கு மூன்று மாதம் யோசித்தவன் ஆயிலுக்கு மூன்று நொடிகூட யோசிக்கவில்லை. புதுச்சேரியில் அந்தக் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் இருக்கிறது, ஒரு மணி நேரத் தூரம்தான், அங்கே விடு என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை. உனக்கு நிச்சயமான பெண் பவித்ரா, புவனகிரி வேளாண்மை அலுவலகத்தில் வேலை, லீவு நாளாயிற்றே என்று புடவை பார்க்க என்னோடு கடைக்கு வர வந்திருந்தாள். போகிற வழியில் இரண்டு பேருமாகக் காரை எடுத்துக்கொண்டு முதுநகரில் உன் மாமாவின் ஷெட்டுக்குப் போனோம். புயலில் பறந்த கூரைக்குப் பதிலாகப் புதுத் தகரம் போட்டிருந்தான், உள்ளே அனல். மூன்று லாரிகள் வயிற்றைத் திறந்து கிடந்தன. அவன் ஒரு பெரிய கேனைத் திறந்து, ஆயிலை விரலால் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துக் காட்டினான்.

"பாருக்கா, எப்பிடி நிக்குது பாரு. கெட்டி. இத ஊத்துனா இன்ஜினு இருவது வருசத்துக்குப் பேசாது."

பவித்ரா அதற்குள் காரில் இருந்த கையேட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். "மாமா, இதுல வேற நம்பரு போட்டிருக்காங்க. அஞ்சு டபிள்யூ நாப்பது, முழு சிந்தடிக்னு இருக்கு. நம்ப கேன்ல இருவது டபிள்யூ அம்பதுன்னு இருக்குதே" என்றாள்.

"அதெல்லாம் ஐஸ் பெய்யிற ஊருக்கும்மா. நம்ப கடலூரு வெயிலுக்கு அது தண்ணியா ஓடிப்பூடும்."

"டர்போ இருக்கிற வண்டிக்கு வேற எதுவும் ஊத்தக் கூடாதுன்னு கட்டம் கட்டிப் போட்டிருக்காங்க மாமா."

"பாப்பா, இது ரசம் இல்ல, தெளிவா இருக்குதுன்னு தூக்கிக் குடிக்கிறதுக்கு" என்றான் உன் மாமா. ஷெட்டில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுதவே கூசுகிறது, ஆனால் சிரித்தேன். அவள் கையேட்டை மூடினாள். அரை மணி நேரத்தில் ஆயில் மாறிவிட்டது.

இந்தக் கெட்டி என்ற வார்த்தை நம் ஆட்களைப் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. தயிர் கெட்டியாக இருந்தால் நல்ல தயிர். சாயம் கெட்டியாக இருந்தால் நல்ல புடவை. ஆள் கெட்டி என்றால் யாரும் ஏமாற்ற முடியாது, பிள்ளை கெட்டி என்றால் நன்றாகப் படிக்கிறான். தண்ணியாக இருப்பது எல்லாம் நமக்குக் கலப்படம், பால்காரன் செய்த வேலை. இந்தப் புத்தியோடு போய் ஆயில் கேனைத் திறந்தால் எது நல்ல ஆயில் என்று தோன்றும்? கேனில் அச்சடித்திருக்கும் எண்ணை யார் பார்க்கப் போகிறார்கள், விரலால் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறதே. கடைத்தெருவில் ஆயில் விற்கிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். போன வாரம் நானே நாலு கடை ஏறி இறங்கினேன். எந்தக் கடையில் எந்தக் கேன் அதிகமாக அடுக்கியிருக்கிறதோ அதுதான் உன் காருக்குப் பொருத்தமான ஆயிலாம். என்ன கார் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

உன் மாமாவைக் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். 2004இல் நீ இன்ஜினீயரிங் சேர்ந்தபோது உன் அப்பா ஒரு பழைய காரை வாங்கினார், நினைவிருக்கும். சிதம்பரத்துக்குப் போய் வருவதற்குள் பின்னால் வருகிறவனுக்கு முகம் தெரியாத அளவுக்குப் புகை விடும். உன் மாமா இதே கெட்டி ஆயிலைத்தான் ஊற்றினான். புகை அடங்கிவிட்டது. நீ உன் கூட்டாளிகளிடம் மாமாவைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டாய். உள்ளே எல்லாம் தேய்ந்து இடைவெளி விழுந்த கிழட்டு இன்ஜின் அது. தடிப்பான ஆயில் அந்த இடைவெளியை அடைத்தது, அவ்வளவுதான் விஷயம். மூட்டு வலிக்காரனுக்குக் கொடுத்த தைலத்தை ஓட்டப்பந்தயத்துக்குப் போகிறவன் கண்ணில் விடுவார்களா? ஆனால் ஒரு முறை பலித்த வைத்தியத்தை உன் மாமா எட்டு வருஷமாக எல்லா வண்டிக்கும் செய்துகொண்டிருக்கிறான், நாமும் தலையாட்டிக்கொண்டிருக்கிறோம். உன் அப்பா போன பிறகு நமக்கு நின்றவன் அவன்தான். உன் காலேஜ் முடிந்து ஹாஸ்டலில் இருந்து பெட்டி தூக்கி வந்ததில் இருந்து கல்யாண மண்டபம் பிடித்தது வரை எல்லாவற்றுக்கும் அவன்தான் அலைந்தான். அதனால் அவன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு நம் வீட்டில் இல்லாமலே போய்விட்டது. நன்றி வேறு, வாயை மூடிக்கொண்டிருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டது என் தப்பு.

என் தப்பு அதோடு நிற்கவில்லை. இருபத்தேழு வருஷம் நான் பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்தினேன். பாகுநிலைப் பாடத்துக்கு ஒவ்வொரு வருஷமும் மூன்று கண்ணாடிக் குழாய்களை வரிசையாக நிறுத்தி, தண்ணீர், தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய் ஊற்றிக் கோலிக்குண்டைப் போடுவேன். விளக்கெண்ணெயில் குண்டு இறங்குவதற்குள் பெண்கள் கொட்டாவி விடுவார்கள். தடிப்பான திரவம் மெதுவாகத்தான் நகரும், குறுகிய வழியில் இன்னும் மெதுவாக நகரும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். அந்த டர்போவுக்குள் ஒரு மெல்லிய தண்டு கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுற்றுகிறது, தலைமுடி அளவு இடைவெளியில் ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டே சுற்றுகிறது. அங்கே ஆயில் உடனே போய்ச் சேர வேண்டும். இது தெரிய எனக்கு எந்த மெக்கானிக்கும் தேவையில்லை. அப்படிப்பட்டவள், படித்துப் பார்த்து நியாயமாகக் கேள்வி கேட்ட ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரித்தேன். என் வகுப்பில் ஒருத்தி அப்படிக் கேட்டிருந்தால் எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்திருப்பேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. நீ புனேவில் இருந்த மிச்ச இரண்டு மாதத்தில் மண்டபம் பார்க்க, பத்திரிகை அச்சடிக்க என்று ஐந்தாறு முறை பவித்ராதான் அந்தக் காரில் என்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப் போனாள். ஒரு தரம்கூட எண்பதைத் தாண்டவில்லை. ஆலப்பாக்கம் கேட்டில் ரயிலுக்கு நின்றால் இன்ஜினை அணைத்துவிடுவாள். நீ புனேவில் இருந்து வந்தாய். வந்த மறுநாளே என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஸ்டார்ட் செய்த கையோடு மிதித்தாய். "பாரும்மா, எப்பிடி இழுக்குது" என்றாய். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் விசில் அடிப்பது போல ஒரு சத்தம், பின்னால் நீலப் புகை, வண்டி இழுக்கவில்லை. ஓரங்கட்டிவிட்டு உன் மாமாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாய். அவன் கேட்ட முதல் கேள்வி என்ன? "இத்தினி நாளா யாரு ஓட்டுனது?" பவித்ரா என்று நீ சொன்னாய். "அப்பறம் இன்னாத்துக்கு என்னக் கேக்கற? பொண்ணுங்களுக்குக் கியரு எங்க ஒழுங்கா மாத்த வருது" என்றான். நீ சிரித்தாய். நான் இந்த முறை சிரிக்கவில்லை, ஆனால் ஒன்றும் சொல்லவும் இல்லை.

ஒரு வாரத்தில் அந்தக் கதை நமக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விட்டது. பண்ருட்டியில் பத்திரிகை வைக்கப் போனால், "மருமவ காரு ஓட்டுவாங்களாமே" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். அதே வாரத்தில் சர்வீஸ் சென்டரில் இருந்து உனக்குத் தாள் வந்தது. தப்பான ஆயில், டர்போவுக்கு வேண்டிய வேகத்தில் போய்ச் சேரவில்லை, சூட்டில் கருகி உள்ளே கரியாகப் படிந்துவிட்டது என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். ஓட்டியவர்களைப் பற்றி அதில் ஒரு எழுத்து கிடையாது. நீ படித்தாய், என்னிடம் காட்டினாய், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய். "கல்யாணம் முடியட்டும்மா, இப்ப சொன்னா மாமா சங்கடப்படுவாரு" என்றாய். நானும் சரி என்றேன். மாமா சங்கடப்படக் கூடாது. கடலூரில் இருந்து பண்ருட்டி வரைக்கும் அந்தப் பெண்ணைச் சொல்லிச் சிரிக்கலாம், அதில் யாருக்கும் சங்கடம் இல்லை. இது என்ன நியாயம் கார்த்தி?

போன ஞாயிற்றுக்கிழமை பவித்ராவின் அப்பா நம் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "பொண்ணு தெரியாம ஏதோ பண்ணிட்டா மாப்ள, மனசுல வச்சிக்காதீங்க" என்று உன் முன்னால் கைகூப்பினார். உன்னைவிட முப்பது வயது மூத்த மனிதர். அந்தத் தாள் உன் சட்டைப்பையில் இருக்கிறது, அதன் ஓரம் எனக்குத் தெரிகிறது. நீ பெரிய மனது பண்ணி, "பரவால்ல மாமா" என்றாய்.

பரவாயில்லையாம். அவள் செய்யாத தப்பை நீ மன்னித்துவிட்டாய். அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட நொடியில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருடியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஒரு தகப்பனைக் கைகூப்ப வைத்து, கூப்பிய கையைப் பார்த்துக்கொண்டே பொய்யான பெருந்தன்மை காட்டினாயே, அதை எங்கே கற்றாய் என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்கப் பதில் என்னிடமே வந்து நின்றது. ஷெட்டில் சிரித்தது யார், போனில் உன் மாமா பேசியபோது சும்மா இருந்தது யார், தாளைப் பார்த்துச் சரி என்றது யார்? அன்று மாலை பவித்ராவுக்குப் போன் செய்தேன். வழக்கம் போலத்தான் பேசினாள். மண்டபத்துக்குப் போய் வர வேண்டும், நீயே காரை எடு, சரியாகி வந்ததும் போகலாம் என்றேன். "இனிமே நான் ஓட்டல அத்த. பஸ்ஸுல போயிக்கலாம்" என்றாள். அப்புறம், "நான் சொன்னப்ப நீங்க அங்கதான இருந்தீங்க அத்த?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நான் இருந்தேனா இல்லையா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது போலக் கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் முதுநகருக்குப் போய் உன் மாமாவிடம் சொன்னேன். ஆயில்தான் காரணம், சர்வீஸ் சென்டர் தாளில் இருக்கிறது, நீ ஊர் பூராவும் சொன்னதை நீயே திருப்பிச் சொல்ல வேண்டும் என்றேன். அவன் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அப்ப கல்யாணத்துல மாலை எடுத்துக் குடுக்க வேற ஆளப் பாத்துக்கக்கா" என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, கூடப்பிறந்தவன் இல்லையா. ஆனால் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவள் அப்பா அம்மா எதிரில், ஷெட்டில் நடந்ததையும் நான் சிரித்ததையும் தாளில் இருப்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் அந்த மனிதர் எழுந்து வெளியே போய்விட்டார். பவித்ரா எனக்குக் காபி கொண்டுவந்தாள். "நீங்க சொல்லிட்டீங்க அத்த. அவருக்கும் தெரியுந்தான?" என்றாள். தெரியும் என்றேன். அவள் கல்யாணம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

அது உன் காரின் கையேடு. அன்றைக்கு ஷெட்டில் எல்லோரும் சிரித்தபோது அவள் தன் பையில் வைத்துக்கொண்டது, அப்படியே இருந்திருக்கிறது. ஆயில் பக்கம் மட்டும் மூலையில் மடித்திருக்கிறது. இந்தக் கடிதத்தோடு அதையும் அனுப்புகிறேன். கேட்கிறவர்களுக்குச் சொல்ல உனக்கே ஆகும் என்பதால் அந்தப் பக்கத்தில் இருப்பதைச் சுருக்கமாக எழுதுகிறேன், பழைய டீச்சர் புத்தி போகவில்லை. இரண்டு எண்களில் முதலாவது, குளிர்ந்து கிடக்கிற இன்ஜினில் ஆயில் எவ்வளவு சீக்கிரம் ஓடும் என்பது. அது சின்னதாக இருந்தால் வேகமாக ஓடும். இரண்டாவது, கொதிக்கிற இன்ஜினில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பது. உன் மாமா கவலைப்பட்ட வெயிலுக்கான பதில் அந்த இரண்டாவது எண்ணில் இருக்கிறது, அதைக் கம்பெனிக்காரன் கணக்குப் பார்த்துத்தான் போட்டிருக்கிறான். எண் பொருந்தினால் மட்டும் போதாது, அந்த இன்ஜினுக்கு ஏற்றது என்று கம்பெனி கொடுத்த அங்கீகார எண்ணும் கேனில் இருக்க வேண்டும். சீல் உடையாத கேனாக வாங்கு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மிதிக்காதே, ஆயில் மேலே போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் கொடு. விரலால் தொட்டுப் பார்த்து ஆயில் வாங்குகிறவர்கள் யாராக இருந்தாலும், பெற்றவளாகவே இருந்தாலும், நம்பாதே. கையேட்டைப் படித்துவிட்டு ஒருத்தி சொன்னால் அவள் சொல்வதைக் கேள்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே லீவு போடு. சிதம்பரத்துக்குப் பஸ்ஸிலேயே போ. அந்தத் தாளைச் சட்டைப்பையில் இருந்து எடுத்து அவள் அப்பா கையில் கொடுத்து, எத்தனை நாளாக அது உன்னிடம் இருந்தது என்பதையும் உன் வாயாலேயே சொல். அவர் திட்டினால் கேட்டுக்கொள். கையேட்டைப் பவித்ராவிடம் திருப்பிக் கொடு, மடித்த மூலையை நீ நிமிர்த்தாதே. அன்றைக்கு நீ எடுத்துச் சொன்ன பரவாயில்லை உன்னுடையது கிடையாது கார்த்தி, அவளுடையது. அவள் அதைச் சொல்கிறாளா என்று காத்திரு. அவள் சொன்னால் மண்டபத்துக்கு நான் முதல் ஆளாக வந்து நிற்கிறேன். சொல்லாவிட்டால், அச்சடித்த பத்திரிகைகளைத் திரும்ப வாங்க நான் வீடு வீடாகப் போகிறேன். யார் ஏன் என்று கேட்டாலும் என் பிள்ளையால்தான் என்று சொல்வேன்.

அம்மா